இரண்டு விரல் இடைவெளி

குதிரைக்கு வாயால் மூச்சு விட முடியாது. நமக்கு மூக்கடைத்தால் வாயைத் திறந்து சமாளித்துக்கொள்வோம். அதற்கு அந்த வழி கிடையாது. ஓடும்போதும் பயப்படும்போதும் வலிக்கும்போதும் மூக்கு ஒன்றுதான். லாயத்தில் சேர்ந்து ரொம்ப நாள் கழித்துத்தான் இதைப் படித்தேன். படித்த அன்று காலை அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாயை உள்ளங்கையால் பொத்தி, தாடையை நெஞ்சோடு ஒட்ட அழுத்தி, மூக்கால் மட்டும் மூச்சு விட்டுப் பார்த்தேன். தருவை தாண்டுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரி, "வாந்தி வருதாட்டி? கவர் தரட்டா?" என்று பையைத் துழாவ ஆரம்பித்தாள்.

எங்கள் லாயம் பத்தமடைக்குக் கொஞ்சம் முன்னால், கால்வாய்க்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிறது. முன்பு செங்கல் சூளையாக இருந்த இடம். புகைபோக்கியை இடிக்காமல் விட்டிருந்தார்கள். அதன் நிழலில்தான் குதிரைகளைக் குளிப்பாட்டுவோம். இடமும் குதிரைகளும் முதலாளியுடையவை. அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலை வைத்திருப்பவர். குதிரையில் ஏற மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே முறுக்குத் தின்பார். ஓட்டக் கற்றுக்கொடுப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். வளைகுடா நாட்டில் பெரிய லாயம் ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கே கற்றுக்கொண்டதுதான் டிரெஸாஜ்.

அதை எங்கள் வீட்டில் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மணல் பரப்பிய செவ்வகத்துக்குள் ஒரு குதிரையும் அதை ஓட்டுபவரும் மட்டும் போவார்கள். நடக்க வேண்டும், துள்ளிப் போக வேண்டும், பக்கவாட்டில் நகர வேண்டும், நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றித் தூக்க வேண்டும். ஓட்டுபவர் சைகை செய்வது வெளியே தெரியவே கூடாது. நடுவர்கள் ஒவ்வோர் அசைவுக்கும் மதிப்பெண் போடுவார்கள். "அப்போ ரேஸ் கெடையாதா?" என்பாள் அம்மா. "முந்திப் போறது இல்லம்மா, அழகாப் போறது." "அழகாப் போறதுக்கு எதுக்குட்டி பரிசு?"

பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் உட்கார என்னால் முடியாது. பேனாவைக் கழற்றிப் பூட்டிக்கொண்டே இருப்பேன். செவலையின் முதுகில் மட்டும் என் கையும் காலும் அடங்கி உட்கார்ந்தன. செவலை என்பது அவள் நிறம். அதையே சொல்லிக் கூப்பிடப் பழகிவிட்டோம். பந்தயக் குதிரையாக இருந்தவள். முன்காலில் ஏதோ பிசகிய பிறகு சென்னையிலிருந்து லாரியில் ஏற்றி இங்கே அனுப்பியிருந்தார்கள். நான் கேட்டில் நுழைந்ததும் தலையை நீட்டி என் துப்பட்டா முனையை உதட்டால் இழுப்பாள். அந்த உதடு அவ்வளவு மெத்தென்று இருக்கும்.

நம் ஊரில் குதிரை அழகு என்றால் அது கோயில் வாகனத்தின் அழகு. கழுத்து வில்லாக வளைந்து, தாடை நெஞ்சில் புதைந்து, முன்கால் தூக்கி நிற்கும் மரக்குதிரை. பரிவேட்டைக்குச் சாமி அதில்தான் வருகிறார். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்த கண்ணோடுதான் எல்லோரும் லாயத்துக்கு வருவார்கள். உயிருள்ள குதிரை ஒன்று கழுத்தை மடக்கி நின்றுவிட்டால் போதும், "வாகனம் கணக்கா நிக்கி பாரு" என்று செல்போனை எடுத்துவிடுவார்கள். மாஸ்டரும் அந்தக் கண்ணோடுதான் வளைகுடாவுக்குப் போனார். அங்கே இருந்த பெரிய வெள்ளைக்காரப் பயிற்சிக்காரர்களும் குதிரையின் தாடையை நெஞ்சோடு சேர்த்து வைத்துத்தான் சுற்றச் சுற்ற ஓட்டினார்களாம். பார்த்ததும் மாஸ்டருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "நம்ம சாமி குதிரையத்தான் வெள்ளக்காரன் உயிரோட செய்யுதான்னு நெனச்சேன்" என்று ஒருமுறை சொன்னார். மரத்துக்கு மூச்சு வாங்காது என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நானும் அந்தச் செல்போன் கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் லாயத்துக்குள் வந்தேன்.

செய்முறை இதுதான். குதிரையின் மூக்குத்தண்டைச் சுற்றி ஒரு தோல்பட்டை வரும். அதை இறுக்கிக் கட்டினால் வாய் திறக்க முடியாது. வாய்க்குள் இரும்புக் கம்பி நாக்கின்மேல் கிடக்கும். லகானை இழுத்தால் கம்பி நாக்கை அழுத்தும். வாயைத் திறந்து தப்பிக்கலாம் என்றால் பட்டை விடாது. அப்போது மிச்சமிருப்பது ஒரே வழி, தாடையைக் கொண்டுபோய் நெஞ்சில் சேர்த்துவிடுவது. அதைத்தான் நாம் அழகு என்கிறோம். செவலையை அப்படியே பிடித்து மாஸ்டர் சுற்று சுற்றாக ஓட்டுவார். பூட்ஸின் குதியில் மாட்டிய இரும்பு முள்ளால் விலாவில் குத்தி முன்னால் தள்ளுவார். கையால் பின்னால் இழுப்பார். அவள் வாயோரம் வெள்ளையாக நுரை கட்டும். "நுர தள்ளுதுன்னா வேல செய்யுதுன்னு அர்த்தம்" என்பார்.

ஒருநாள் வாயைக் கழுவும்போது நுரை கொஞ்சம் இளஞ்சிவப்பாக இருந்தது. விரலை ஓரமாக விட்டு நாக்கைப் பிடித்துப் பார்த்தேன். இடது விளிம்பில் கம்பி பதிந்த தடம், ஆறியும் ஆறாமலும். நுனி நீலம் பாரித்திருந்தது, ரப்பர் பேண்டு சுற்றிய விரல்போல.

"என்னத்தட்டி பாக்குத?"

"மாஸ்டர், நாக்கு செத்துக் கெடக்கு."

வந்து குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது, அது எனக்குத் தெரிந்தது. ஆனால் வாய் சொன்னது வேறு. "வெத்தல போட்டா நமக்கும்தான் நாக்கு செவக்கும். சவத்த விடு. மஞ்சளத் தடவு."

நான் விடவில்லை. எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் தூங்க மாட்டேன். உலகத்தின் பெரிய போட்டிகளின் காணொளிகளை எல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வெள்ளைக் கையுறை, கறுப்புக் கோட்டு, வைரம் பதித்த நெற்றிப்பட்டை. அதற்குக் கீழே அதே நாக்கு. பத்தமடைச் சூளையில் நடப்பது எங்கள் அறியாமை என்று நினைத்திருந்தேன். அதையாவது திருத்தலாம். ஆனால் தங்கப் பதக்கம் வாங்குகிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள்.

விதிகளையும் தேடிப் படித்தேன். பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. குதித்துக்கொண்டு மாஸ்டரிடம் ஓடினேன்.

அவர் செவலையின் கன்னப் பக்கம், எலும்பில்லாத மெத்தையான இடத்தில், பட்டைக்குள் விரலைத் திணித்துக் காட்டினார். "ரெண்டு வெரலு போவுதா இல்லியா?"

"அங்கன இல்ல மாஸ்டர். மூக்குக்கு மேல, எலும்பு இருக்க எடத்துல."

"எங்கனன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"யாரு வெரலுன்னு போட்டிருக்கா?" என்றார். பிறகு சிரித்துவிட்டார். "ஏ பிள்ள, நீ பரீட்சைக்குப் படிக்கியா, குதிரைக்குப் படிக்கியா?"

அந்தச் சிரிப்பு முதலாளி வந்த ஞாயிற்றுக்கிழமையோடு நின்றது. சென்னையில் ஒரு போட்டி வருகிறது, செவலையை அனுப்பலாம் என்று மாஸ்டர் சொன்னபோது அவர் முறுக்கைக் கீழே வைத்தார். "கப்பு வந்தா நிக்கட்டும் வே. ஊர்ல நாலு பேருகிட்ட காட்டலாம். இல்லன்னா வண்டி வாடகை, தீவனம்னு இத எதுக்குக் கட்டி அழணும்? ஆட்டக்குதிர அண்ணாச்சி ரெண்டு தடவ கேட்டுட்டாரு. அவருகிட்ட தள்ளிருவேன்."

ஆட்டக்குதிரை என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவரும்போது, கொட்டுக்கு முன்னால் காலைத் தூக்கித் தூக்கி ஆடிக்கொண்டு வருமே, அது. அதன் வாயில் போடும் கம்பியில் முள் வைத்திருப்பார்கள். சீசனில் காலையில் ஓர் ஊர், சாயங்காலம் ஓர் ஊர். வெடிக்கு நடுவில், தார் ரோட்டில்.

முதலாளி கார் கிளம்பியதும் மாஸ்டர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, களைத்துப்போனவர்போல இருந்தார்.

"இறுக்கிக் கட்டுனா மார்க்கு வரும், குதிர இங்கன நிக்கும். தளத்திக் கட்டுனா மார்க்கு போவும், குதிர ஆட்டத்துக்குப் போவும். ரெண்டுல எது இரக்கம்னு நீயே சொல்லு. நீதான படிச்சவ."

பதில் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. என் சுபாவம் அப்படி. "மாஸ்டர், போட்டியில வெரல் வச்சு சோதிப்பாவ. எல்லாக் குதிரையும் தளத்திக் கட்டித்தான் ஆகணும். அப்போ எல்லாரும் ஒண்ணுதான். நம்ம குதிர நல்லாப் போனா மார்க்கு வராமயா இருக்கும்?"

அவர் லகானைத் துடைத்து ஆணியில் மாட்டினார். "சரி, நீயே ஓட்டு. உன் இஷ்டத்துக்குக் கட்டு" என்றார்.

அந்தப் போட்டிக்கு முந்தைய நாட்கள் மட்டும்தான் என்னிடம் முழுசாக இருக்கின்றன. பட்டையைத் தளர்த்திவிட்டு, கம்பியை மாற்றி மெல்லிய ரப்பர் சுற்றியதாகப் போட்டு, செவலையைக் கால்வாய்க் கரையில் ஓட்டிக்கொண்டு போவேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. தலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேலே தூக்குவாள், சட்டென்று நெஞ்சுக்குக் கொண்டுபோவாள், யாராவது திட்டுவார்களா என்று காதைப் பின்னால் திருப்பிக் கேட்பாள். பையப் பையக் கழுத்து நீண்டது. ஒரு காலையில், நாற்று நட்ட வயலுக்குப் பக்கத்தில், தலையை முழங்கால்வரை தாழ்த்தி, மூக்கை உதறி ஒரு பெருமூச்சு விட்டாள். அவள் விலா என் இரண்டு கால்களுக்கும் நடுவில் விரிந்து சுருங்கியது. நட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்து, "குதிரைக்கு ஜலதோசமா?" என்று கத்தினாள். நான் சிரித்த சிரிப்பில் லகான் கையைவிட்டு நழுவிவிட்டது. செவலை ஓடவில்லை. அப்படியே நடந்தாள்.

ஒன்று மட்டும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாய் திறக்க முடிந்ததும் அவள் நாக்கை இடது பக்கமாக வெளியே போட்டுக்கொண்டு ஓடினாள். ரப்பர் சுற்றிய கம்பியும் அவளுக்குக் கம்பிதான். பழைய காயத்துக்கு மேல் எது பட்டாலும் நாக்கை எடுத்து வெளியே வைத்துக்கொள்வாள். சுட்ட விரலை நாம் உதறுவதுபோல.

சென்னைக்கு லாரியில் மாஸ்டரும் செவலையும் போனார்கள். நான் ரயிலில். அம்மா தயிர்ச்சாதம் கட்டித் தந்துவிட்டு, "கெலிச்சா போன் பண்ணு. தோத்தாலும் பண்ணு. பண்ணாம இருந்துராத" என்றாள்.

மைதானத்தில் நுழைவதற்கு முன் குதிரைகளைச் சூடேற்றும் இடத்தில் எல்லாக் கழுத்துகளும் வில்லாக வளைந்திருந்தன. எல்லா மூக்கிலும் பட்டை பள்ளம் விழ இறங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது சோதிப்பார்கள், எல்லோரையும் அவிழ்க்கச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். தொப்பி வைத்த மேற்பார்வைப் பெண் ஒருவர் வரிசையாக வந்தார். ஒவ்வொரு குதிரையின் கன்னத்திலும், அந்த மெத்தையான இடத்தில், விரலை நுழைத்துத் தலையசைத்துவிட்டு நகர்ந்தார்.

"மேடம், மேல எலும்புல பாக்கணும்ல?" என்றேன்.

"உங்களது கரெக்டா இருக்கும்மா. ரொம்ப நல்லது" என்று என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த குதிரைக்குப் போய்விட்டார்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. செவலையின் பிடரியை நீவிக்கொண்டு, "ரெண்டு ஓட்டை இறுக்கிரட்டா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். தலையாட்டும்போது ஆட்டக்குதிரைக் கம்பியின் முள் என் கண் முன்னால்தான் இருந்தது. இறுக்கினாலும் அவள் வாய், தளர்த்தினாலும் அவள் வாய். இன்றைக்குக் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேனா என்று எனக்குத் தெரியாது.

அவள் நன்றாகத்தான் போனாள். இதை நான் ஆசையில் சொல்லவில்லை. கால்கள் ஒழுங்காக விழுந்தன, வளைவுகள் வட்டமாக வந்தன. ஆனால் முதல் மூலை திரும்பியதுமே நாக்கு வெளியே வந்துவிட்டது. முடிக்கும்வரை உள்ளே போகவில்லை. மதிப்பெண் தாளில் அசைவுக்கு அசைவு குறைத்திருந்தார்கள். கீழே நடுவர் எழுதியிருந்தார்: வாய் திறந்திருக்கிறது, குதிரை எதிர்ப்புக் காட்டுகிறது, ஓட்டுபவரின் கைப்பிடியை ஏற்கவில்லை. ஜெயித்த குதிரை வெளியே வந்தபோது தாடை நெஞ்சில் இருந்தது. வாய் இறுக மூடி, நாக்கு எங்கே என்றே தெரியவில்லை. அதன் ஆள் துண்டால் நுரையைத் துடைத்து, துண்டை மடித்து உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டார். என்ன நிறம் என்று அதற்குள் நான் பார்த்துவிட்டேன். சுற்றி எல்லோரும் கைதட்டினார்கள்.

அம்மாவுக்கு நான் போன் பண்ணவில்லை. அவளே பண்ணினாள்.

முதலாளி சத்தம் போடவில்லை. "வாய மூடத் தெரியாத குதிரைக்கு எவன் கப்பு குடுப்பான்?" என்றார், அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குள் ஆட்டக்குதிரை அண்ணாச்சியின் மினிலாரி வந்தது. அதற்கு நடுவில் என்னால் முடிந்த இடத்துக்கெல்லாம் ஓடினேன். விலங்கு வதைக்கு எதிராக வேலை செய்கிறவர்கள் என்று சொன்ன ஒருவரிடம் பேசினேன். விற்பது வதை ஆகாது, வதை நடந்த பிறகு சொல்லுங்கள் என்றார். நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எங்கனட்டி கட்டுவ? மாடியிலயா?" என்றாள். அப்புறம் என் தட்டைப் பார்த்துவிட்டு, "அது வாயி வலிக்குன்னா நீ ஏன் பட்டினி கெடக்க?" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

மினிலாரியில் ஏற்றும்போது செவலை அடம்பிடிக்கவில்லை. மாஸ்டர்தான் ஏற்றிவிட்டார். ஏற்றிவிட்டு, புகைபோக்கிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அதன் பிறகு நான் லாயத்துக்குப் போகவில்லை. ஆனி மாதம் அம்பாசமுத்திரத்தில் தோழியின் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. தேர்வு முடிந்திருந்ததால் போனேன். உச்சி வெயில். மண்டபத்துக்கு முன்னால் தாய்மாமன் சீர் இறங்கியிருந்தது. தட்டுத் தட்டாகப் பழம், பட்டு, பெரிய மாலை. கொட்டுக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வேப்பமர நிழலில், நெற்றியில் ஜிகினா, முதுகில் சிவப்பு வெல்வெட், காலில் சலங்கையோடு செவலை நின்றாள்.

ஓடிப்போனேன். துப்பட்டாவை நீட்டினேன். உதடு அசையவில்லை.

"தெரிஞ்ச குதிரையா தாயி?" என்றார் ஆட்டக்குதிரை அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், நல்ல சிரித்த முகம். யார் என்று சொன்னதும் எழுந்து கும்பிடாத குறைதான். "நீங்கதானா பழக்குனது? கையெடுத்துக் கும்புடணும் போங்க. மத்ததையெல்லாம் ஆட வைக்க வருசக்கணக்குல நாங்க படுத பாடு உங்களுக்குத் தெரியாது. இது வந்த அன்னைக்கே ஆடுது! நின்ன எடத்துல கால மாத்துது பாருங்க, எவனும் சொல்லித்தர முடியாது. ஒரு அடி அடிக்கல நான். சத்தியமா."

நான் அவளிடம் கற்றுக்கொண்டதும் அவள் என்னோடு கற்றுக்கொண்டதும் எல்லாம் அங்கே சலங்கை கட்டி நின்றது.

"அண்ணாச்சி, இந்தப் பட்டையக் கொஞ்சம் தளத்திக்கிடட்டா? மூச்சு முட்டும்."

"தாராளமா. உங்க குதிர."

கொக்கியை அவிழ்த்தேன். பட்டை பதிந்த இடத்தில் முடி உதிர்ந்து தோல் வழுவழுவென்று இருந்தது. இரண்டு விரல் அல்ல, முழுக் கையும் போகிற மாதிரி விட்டேன். லகானைச் சேணத்தின் மேல் போட்டேன். வாயைத் திறப்பாள், நாக்கை ஓரமாக எடுத்து வெளியே வைப்பாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

டீ கிளாஸ்களைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டுக்காரர்கள் ஆரம்பித்தார்கள்.

முதல் அடி விழுந்ததுமே செவலை தாடையைக் கொண்டுபோய் நெஞ்சில் சேர்த்தாள். யாரும் இழுக்கவில்லை. லகான் சேணத்தின் மேல் தளர்ந்து கிடந்தது. வாய் இறுக மூடியிருந்தது. மூக்குத்துளைகள் மட்டும் விரிந்து விரிந்து அடங்கின. இடது முன்கால் எழுந்தது, பிறகு வலது.

"ஏலே, வாகனம் கணக்கா நிக்கி பாருல!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். செல்போன்கள் உயர்ந்தன.

அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். தளர்ந்து தொங்கிய பட்டையைக் கழற்றியே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அட, இது இல்லாமலே ஆடுதே! நல்ல வேள சொன்னீங்க தாயி." பிறகு காது குத்தப்போகிற குழந்தையைத் தூக்கி வெல்வெட்டின் மேல் உட்காரவைத்தார். குழந்தை வீரிட்டு அழுதது. கொட்டு வேகமெடுத்தது. மண்டபத்து வாசல் வரை அவள் அப்படியே போனாள், தாடை நெஞ்சைவிட்டு எழாமல், மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு.